மேலவை எதற்கு? எவர்க்கு?

"மக்கள் மன்றம் அவசரப்பட்டு ஆகாத சட்டங்களை இயற்றிவிடும்; நிதானமாக ஆராய்ந்து திருத்திட மேலே ஓர் அவை வேண்டும்" - இரண்டாவது மன்றத்துக்காக வாதாடுவோர் சாற்றும் காரணம் இது. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது! ஆனால், அந்த நிதானம் எப்போது விழித்திருந்தது, எப்போது உறங்கிற்று என்று நாம் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். விடை, பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கிடைக்கிறது.

அங்கே மேலவைக்குப் பெயர் பிரபுக்கள் சபை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் வீற்றிருந்தோரில் மிகப் பலர், பிறப்பால் இடம் பெற்றவர்கள். தந்தை பிரபு, ஆகவே தனயனும் பிரபு! அவர்களோடு, திருச்சபையின் பெயரால் 26 சமயத் தலைவர்கள். மருத்துவரின் மகன் என்பதற்காக, மருத்துவம் பயிலாதவனிடம் நாம் நாடியைக் காட்டுவோமா? காட்டமாட்டோம். நாட்டின் நாடியைப் பிடித்திட மட்டும், பிறப்பு ஒன்றே போதுமென்றனர்!

1895 முதல் 1905 வரை பழமைக் கட்சி ஆண்டது. அப்போது மேலவையின் நிதானம் நித்திரையில் இருந்தது. 1906-ல் லிபரல் கட்சி பெருவெற்றி பெற்றது; உடனே நித்திரை கலைந்தது! செல்வர் சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் வாக்களிக்கும் சலுகையை ஒழிக்க வந்த மசோதாவை, அந்த ஆண்டே வீழ்த்தினர்.

1908-ல் முதியோர் உதவிச் சட்டம் பிறந்தது. எழுபது வயதைக் கடந்த ஏழைக்கு, வாரத்துக்கு 5 ஷில்லிங். உழைத்து உருக்குலைந்தவனுக்கு அது பிச்சையல்ல, உரிமை! இதற்கும் கடற்படைச் செலவுக்கும் பணம் வேண்டுமே! நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், 1909-ல் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில், பெரும் வருமானத்தின் மீது மிகைவரி விதித்தார்; உழைக்காமலே உயரும் நில மதிப்பின் மீதும் வரி விதித்தார். நிலம் யாருடையது? பிரபுக்களுடையது. மன்றம் யாருடையது? அதுவும் பிரபுக்களுடையது! பண மசோதாவில் கை வைப்பதில்லை என்ற நெடுநாள் மரபை மறந்தனர். 1909 நவம்பர் 30 அன்று, 350 வாக்குகள் எதிர்ப்பு, 75 ஆதரவு - திட்டம் வீழ்ந்தது.

நாட்டைக் காத்திட எழுந்த நிதானமா அது? தோட்டத்தைக் காத்திட எழுந்த வேலி!

1910-ல் இரு முறை பொதுத் தேர்தல். முதல் தேர்தலுக்குப் பின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறிற்று. இரண்டாவது, மேலவையின் அதிகாரம் பற்றியே நடந்தது. புதிய பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்து உங்களை மூழ்கடிப்போம் என்ற அச்சுறுத்தலுக்குப் பிறகே, 1911 ஆகஸ்டில், 131-க்கு 114 என்ற கணக்கில் பிரபுக்கள் பணிந்தனர். பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் தடுக்க முடியாது. ஏனைய மசோதாக்களில் பெரும்பாலானவற்றை இரண்டாண்டு மட்டுமே தாமதப்படுத்தலாம் என்றாயிற்று. 1949-ல் அதுவும் ஓராண்டாகச் சுருங்கிற்று. 1999-ல், பிறப்பால் வந்தோரில் 92 பேரை மட்டும் விட்டுவைத்து, ஏனையோரை வெளியேற்றினர்.

நியூசிலாந்து 1950-ல் மேலவையை ஒழித்தது. டென்மார்க் 1953-ல் ஒழித்தது. சுவீடன் 1971 முதல் ஒரே அவையோடு நடக்கிறது. அங்கெல்லாம் வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை!

அப்படியானால் மேலவை எங்குமே வேண்டாமா? கூட்டாட்சியில் ஒரு நியாயம் உண்டு. மக்கள் தொகையால் சிறிய மாநிலத்தின் குரல், எண்ணிக்கைப் பேரிரைச்சலில் அமுங்கிவிடாதபடி காக்க, மாநிலங்களுக்கென ஒரு மன்றம் தேவைப்படலாம். ஆனால், அது உண்மையிலேயே மாநிலங்களின் மன்றமாக இருந்திட வேண்டும். இந்தியாவின் மாநிலங்களவைக்கு, அந்தந்த மாநிலத்து வாக்காளரே போட்டியிடலாம் என்றிருந்த விதி 2003-ல் நீக்கப்பட்டது. பெயரில் மாநிலம் நிற்கிறது. உறுப்பினர் எங்கிருந்தும் வரலாம்!

ஆகவே, எந்த மேலவையைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நீ யாருடைய குரல்? மக்கள் மன்றத்தில் ஒலிக்க முடியாத ஒரு குரலுக்கு இடம் தருகிறதா, இருக்கட்டும். மக்கள் குரலை மறிக்க மட்டுமே அமர்ந்திருக்கிறதா? அது மேலவையல்ல, மேலே ஏற்றி வைக்கப்பட்ட தடைக்கல்!