கூம்பு முன்னால் வருமா, பின்னால் போகுமா?

கால்மிதியால் அடிக்கப்படும் பெரிய டிரம்மின் தோல், அடி விழுந்த கணத்தில் கேட்பவரை நோக்கி எழும்பி எதிரேயுள்ள காற்றை நெருக்குகிறது. அந்த நெருக்கம் மைக்கின் தகட்டை உள்ளே தள்ளி, மின்சாரமாக உருமாறி, ஒலிநாடாவையும் இசைத்தட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் கடந்து, கடைசியில் நம் வீட்டுக் கூடத்து ஸ்பீக்கரின் கூம்பையும் முன்னால்தான் தள்ளவேண்டும் என்பது நியாயம். இந்த நெடும் பயணத்தில் எங்கேனும் இரண்டு கம்பிகள் முறைமாறிப் போனால், இரு ஸ்பீக்கர்களும் ஒன்றுபோலவே முதலில் பின்னால் இழுபடுகின்றன. சுருதி பிசகுவதில்லை, தாளம் தவறுவதில்லை, ஒற்றை ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாகும்போது கீழ்ஸ்தாயி ஒலி கரைந்துபோகிறதே, அந்தப் பகிரங்கமான வியாதியும் இதில் இல்லை. கூட்டல் கழித்தலாகவும் கழித்தல் கூட்டலாகவும் மாறியிருக்கிறது, அவ்வளவே. ‘அப்சலூட் போலாரிட்டி’ என்று பெயரிட்டு ஒலிக்கருவிப் பிரியர்கள் வழக்காடி வரும் விஷயம் இதுதான்.

இது காதுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியாது என்றே விடை எழுதி மூடிவிட்டார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய சாஸ்திரிகள். மின்தடை விதியால் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பரிச்சயமான ஜார்ஜ் ஓம், எத்தகைய சிக்கலான ஒலியையும் காது தனித்தனி எளிய சுரங்களாகப் பிரித்தே உணர்கிறது என்று 1843-இல் வாதித்தார். சைரன் கருவியைச் சுழற்றிப் பரிசோதித்த ஆகஸ்ட் ஸீபெக் அதை மறுத்தார். 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட பெருநூல் ஓமின் பக்கம் சாய்ந்தது. மின்சாரத்தால் அதிரும் இசைக்கவைகளையும் அவற்றின் அருகே நிறுத்திய ஒத்ததிர்வுக் கலங்களையும் கொண்டு, உபசுரங்களின் கட்டத்தை, அதாவது அவற்றின் அலைகள் ஏறியிறங்கும் வேளையை, மாற்றி மாற்றிக் கேட்ட அம்மேதை, ஒலியின் சாயலை நிர்ணயிப்பது அவற்றின் பலமேயன்றிக் கட்டம் அன்று என்று தீர்ப்பளித்தார். அது இசைச் சுரங்களைப் பற்றிய தீர்ப்பு என்று அவர் எல்லையும் வகுத்திருந்தார். பின்வந்தவர்கள் எல்லையை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களின் வாக்குக்கு எங்கும் நேரும் கதிதான்.

காது கண்டுகொள்ளாத ஒன்றைத் தொழிற்சாலைக்காரன் ஏன் கவனிக்கப் போகிறான்? வால்வு யுகத்தில் சாதாரணமாகப் புழங்கிய அமைப்பில், ஒலி நுழையும் கிரிட்டில் மின்னழுத்தம் ஏறும்போது அது வெளிப்படும் பிளேட்டில் இறங்கும். ஆகவே அத்தகைய அடுக்குகள் ஒற்றைப்படையானால் ஒலி தலைகீழாகவும், இரட்டைப்படையானால் நேராகவும் வெளிப்படும். மைக்குகளுக்குரிய எக்ஸ்.எல்.ஆர். இணைப்பியில் மூன்று ஊசிகள். முதலாவது தரை என்பதில் சச்சரவில்லை. கூட்டல் இரண்டாவதா மூன்றாவதா என்பதில் ஸ்தாபனத்துக்கு ஒரு சம்பிரதாயம் நிலவியது. அமெரிக்காவில் 1946-இல் ஜேம்ஸ் லான்சிங் தொடங்கிய ஜே.பி.எல். நிறுவனமோ, பல பத்தாண்டுகள் ஊரோடு ஒத்துப்போகாமல் தன் வழியிலேயே ஸ்பீக்கர் செய்தது. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்பிலும் கழித்தல் முனையைக் கறுப்பிலும் படும்படி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: ‘டொக்’கென்ற ஓசையோடு பெரிய கூம்பு ஒரு நகத்தின் பருமன் முன்னால் வரும். அக்காலத்து ஜே.பி.எல். கூம்போ உள்வாங்கும், முதன்முறை பார்ப்பவன், பேட்டரியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று திருப்பிப் பார்த்துக்கொள்வான். இதில் இன்னொரு வேடிக்கை: ஒரே பெட்டிக்குள் உயர்ஸ்தாயி பாடும் சின்ன ட்வீட்டரை, ஒலியை ஸ்தாயிவாரியாகப் பிரிக்கும் கிராஸ்ஓவரின் தேவைக்காக வேண்டுமென்றே தலைகீழாக இணைப்பதும் உண்டு, ஆகையால் பேட்டரி சொல்லும் சாட்சி பெரிய கூம்புக்கு மட்டுமே செல்லும்.

ஓமின் கோட்டையில் விரிசல் விழ வெகுகாலம் ஆயிற்று. கனடாவின் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும், போக்காக் என்பவரோடு சேர்ந்து 1982-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சமமில்லாத அலைகளைத் தலைகீழாக்கினால், தக்க சூழ்நிலையில் காது அதைக் கண்டுபிடிக்கிறது என்று காட்டினார்கள். மனிதக் குரலும் டிரம்பெட்டும் அத்தகைய அலைகளை எழுப்புபவை. இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. கீழ்ஸ்தாயி ஒலிகளில் அலையின் ஒரு பாதியின்போதே செவிநரம்பு பெரும்பாலும் துடிக்கிறது. 1988-இல் பாஸ்டனில் கிளார்க் ஜான்சன் என்பவர், முன்னோடியான வுட் என்னும் ஆராய்ச்சியாளரின் பெயரால் ‘வுட் விளைவு’ என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதி, தொழில்துறையின் அலட்சியத்தைச் சாடினார். அவர் உற்சாகம் சற்று மிகை என்பது என் அபிப்பிராயம். எனினும் ஆடியோ என்ஜினீயரிங் சொசைட்டி 1992-இல் இரண்டாவது ஊசியே கூட்டல் என்று விதித்தது. 1995-இல் போலாரிட்டியைக் கடைசிவரை காக்கவேண்டும் என்ற நெறிமுறையையும் வகுத்தது.

அதற்குள் உலகத்தின் இசைத்தட்டுகள் பெரும்பாலும் பதிவாகி முடிந்திருந்தன. 1951-இல் ரஃபேல் குபெலிக் சிகாகோ சிம்பனியை நடத்த, மெர்க்குரி நிறுவனத்தார் ஒரே மைக்கைத் தொங்கவிட்டு எடுத்த பதிவைப் போன்றவற்றுக்கு நேர், தலைகீழ் என்ற பேச்சுக்கு அர்த்தமுண்டு. ஒரே பாட்டுக்கு இருபது மைக் வைத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சம்பிரதாயத்தில் கலக்கப்பட்ட பதிவில் எதை நேராக்குவது?

நிற்க. மாற்றித்தான் கேட்பேன் என்பவனுக்கு, ஒலியின் தூய்மை கெடாத உபாயம் ஆதியிலிருந்தே கையருகில் இருக்கிறது: ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பையும் கறுப்பையும் இடம்மாற்றிப் பூட்டுவது. தங்கள் ப்ரீஆம்ப் ஒலியைத் தலைகீழாக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிய உற்பத்தியாளர்கள் சிபாரிசு செய்ததும் இதையே. இதற்கென்றே ஒரு வால்வு அடுக்கைக் கூட்டினால் அதன் இரைச்சலும் சிதைவும் கூடவே குடியேறும். ஸ்பீக்கர் கம்பியில் சுவிட்ச் வைத்தால் அதன் தொடுமுனைகள் நாளடைவில் கறுத்துத் தடையாகும். 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் வந்தபின் காரியம் எளிதாயிற்று. ஒலி எண்ணாக இருக்கையிலேயே அதன் குறியை மாற்றிவிடலாம், சேதமில்லை. பதினாறு பிட் கணக்கு கழித்தல் 32,768 முதல் கூட்டல் 32,767 வரை ஓடுவதால், அடிக்கோடியில் நிற்கும் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் எதிர்முனையில் ஜோடி கிடையாது. ஒன்று குறைத்து உட்காரவைக்கிறார்கள், அதைக் கேட்கும் காது இன்னும் பிறக்கவில்லை.

நான் இன்னும் கம்பியைக் கழற்றி மாட்டுகிறவன்தான். எந்தத் தட்டு எந்த முறையில் நன்றாக ஒலித்தது என்று உறையின் மூலையில் ஒரு கூட்டலோ கழித்தலோ குறித்து வைக்கிறேன். மறுநாள் கேட்கும்போது மாறுபட்டுத் தோன்றுவதும் உண்டாகையால், பென்சிலால்.