பீசா துறைமுகத்திலிருந்து எம்.பி.ஏ. வகுப்பு வரை

எம்.பி.ஏ.வில் ஃபைனான்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் முதல் செமஸ்டரிலேயே போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? கடன் பத்திரம், பங்கு, புதிய தொழிற்சாலை என்று எதை எடுத்தாலும் அதே கணக்குதான் வேறு வேறு வேஷத்தில் வந்து நிற்கும். பாடப்புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் அமெரிக்காவில் பிறந்ததுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கை 800 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்தவர் சுங்கத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகன்.

அவர் பெயர் ஃபிபொனாச்சி. பீசா நகர வணிகர்களுக்காக அவருடைய தந்தை அல்ஜீரியக் கரையில் புஜியா துறைமுகத்தில் இருந்தார். பையனையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். வந்த இடத்தில் பையன் கற்றது இந்திய எண்கள். 1202-ல் அவர் எழுதிய 'லிபர் அபாசி' நூலில் ஒரு போர்வீரன் வருகிறான். ராஜா அவனுக்கு வருஷத்துக்கு 300 பெசண்ட் காசு மானியம் தருகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 75 வீதம். திடீரென்று, இனிமேல் மொத்தமாக வருஷக் கடைசியில்தான் என்கிறார். நூற்றுக்கு மாதம் 2 பெசண்ட் வட்டி கிடைக்கும் ஊரில் வீரனுக்கு எவ்வளவு நஷ்டம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கூட்டிப் போட்டால், காலாண்டுத் தவணைகளின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 260, மொத்தத் தொகைக்கு 238. ஆக, 22 பெசண்ட் போச்சு. இன்றைய பரீட்சையில் அப்படியே கேட்கலாம்.

இத்தாலிய நகரங்களில் வணிகர் வீட்டுப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தர 'அபாகோ' பள்ளிகள் முளைத்தன. 1494-ல் லூக்கா பாசியோலி என்ற துறவி, வெனிஸ் வணிகர்கள் கணக்கெழுதும் இரட்டைப் பதிவு முறையைத் தன் கணித நூலில் ஒரு பகுதியாக அச்சிட்டார். அவர் கண்டுபிடித்தது இல்லை, கடைத்தெருவில் இருந்ததை எடுத்து எழுதினார். அவரைப் பார்த்து எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. 1543-ல் ஆண்ட்வெர்ப்பில் ஒரு நூல், அதே வருஷம் லண்டனில் இன்னொன்று.

1759-ல் லிஸ்பனிலும் 1819-ல் பாரிஸிலும் வணிகப் பள்ளிகள் வந்தன. ஆனாலும் பணத் தொழிலைப் பெரும்பாலோர் கடையில் உட்கார்ந்துதான் கற்றார்கள். செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தது வகுப்பறையே இல்லாமல்தான். இந்தத் தொழில் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவர 1881-ல் பிலடெல்பியாவின் உலோகத் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் 1,00,000 டாலர் கொடுத்தார். ஐந்தே வருஷத்தில், 1886-ல், சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை ஒரு வணிகவியல் பள்ளியைத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல் என்கிறார்கள். அந்த அறக்கட்டளைக்குப் பணம் விட்டுச்சென்ற பச்சையப்ப முதலியாரும் வணிகர்தான், துபாஷி.

பட்டதாரிகளுக்கென்று தனியாக ஒரு நிர்வாகப் பள்ளி 1900-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிறந்தது. 1908-ல் ஹார்வர்ட் எம்.பி.ஏ. என்ற படிப்பைத் தொடங்கியது. வழக்குகளை வைத்துச் சட்டம் சொல்லித்தரும் தன் சட்டப் பள்ளியின் முறையைக் கடன் வாங்கி, 'கேஸ்' பாடத்தை உண்டாக்கியது. அந்தக் காலத்து ஃபைனான்ஸ் வகுப்பில் கணிதம் அதிகம் கிடையாது. கம்பெனி எப்படிப் பத்திரம் வெளியிடும், எப்படித் திவாலாகும், எப்படி இன்னொன்றோடு இணையும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

கணிதம் அதே 1900-ல் பாரிஸில் தயாராகத்தான் இருந்தது. லூயி பாஷலியே என்ற மாணவர் பங்குச் சந்தை விலைகளின் தாறுமாறான அசைவைச் சமன்பாடாக்கி முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். மேற்பார்த்தவர் கணித மாமேதை புவாங்கரே. ஆனாலும் உச்சத் தகுதி கிடைக்கவில்லை, ஆய்வும் மறக்கப்பட்டது. 1946-ல் பாஷலியே இறந்துபோனார். 1950-களின் நடுவில் சேவேஜ் என்ற புள்ளியியலாளர் கண்ணில் அவருடைய எழுத்து பட்டது. இவரைத் தெரியுமா என்று பொருளாதார நண்பர்களுக்குத் தபால் அட்டை போட்டார். ஒரு அட்டை பால் சாமுவேல்சன் கைக்குப் போனது. ஆப்ஷன் விலை பற்றிய நவீன ஆராய்ச்சி அங்கிருந்து சூடுபிடித்தது. தபால் அட்டைக்கு இவ்வளவு பெரிய வேலை வாய்த்தது அபூர்வம்.

சிகாகோவில் இன்னொரு தற்செயல். ஆய்வுத் தலைப்பு தேடிப் பேராசிரியர் அறைக்கு வெளியே காத்திருந்த ஹாரி மார்க்கோவிட்ஸிடம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்குத் தரகர், பங்குச் சந்தையையே எடுத்துப் பாரேன் என்றார். அதிலிருந்து பிறந்து 1952-ல் வெளியான கட்டுரைதான் இன்றைய போர்ட்ஃபோலியோ பாடம். இது பொருளாதாரமே இல்லை என்று வாய்மொழித் தேர்வில் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் வாதாடினார். மார்க்கோவிட்ஸுக்கு 1990-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ஒரு விளம்பரக்காரரின் கேள்வி. மெரில் லிஞ்ச் தரகு நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பொறுப்பாக இருந்த லூயி எங்கல், பங்கில் போட்ட பணம் நன்றாக வளரும் என்று விளம்பரம் செய்ய நினைத்தார். ஆதாரம் வேண்டுமே! சிகாகோ பேராசிரியர் ஜேம்ஸ் லோரியைக் கேட்டார். அவருக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது. மெரில் லிஞ்ச் 50,000 டாலர் கொடுக்க, 1960-ல் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தையின் ஒவ்வொரு பங்குக்கும் 1926 முதல் மாதாமாதம் என்ன விலை, என்ன டிவிடெண்ட் என்று தேடித் திருத்தி, காந்த நாடாவில் ஏற்றினார்கள். 1964-ல் விடை வந்தது, வருஷத்துக்குச் சராசரியாக 9 சதவீதம் போல. விளம்பரம் ஒருபுறம் கிடக்கட்டும், கதை சொல்லிக்கொண்டிருந்த பாடத்துக்கு முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கச் சரக்கு கிடைத்தது.

அதே சமயம் ஃபோர்டு அறக்கட்டளை, 1959-ல் வந்த ஒரு அறிக்கை மூலம், அமெரிக்க வணிகப் பள்ளிகளின் படிப்பு தரமற்றது என்று கண்டித்தது. அந்த அறக்கட்டளைதான் இந்தியாவுக்கும் கைகொடுத்தது. 1961-ல் கல்கத்தா ஐ.ஐ.எம். எம்.ஐ.டி.யோடும், அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டோடும் கைகோத்துப் பிறந்தன. ஒன்றில் கணிதம் தூக்கல், மற்றதில் கேஸ் தூக்கல். சென்னையில் 1970-ல் நிதி நிர்வாகத்துக்கென்றே ஐ.எஃப்.எம்.ஆர். வந்தது.

கணக்குப் போடும் கருவியும் வகுப்பறையிலிருந்தே வந்தது. 1978-ல் ஹார்வர்ட் எம்.பி.ஏ. மாணவர் டான் பிரிக்ளின் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் கட்டமாக எண்கள். ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மறுபடி எழுத வேண்டும். தானே திருத்திக்கொள்ளும் பலகை இருந்தால்? அடுத்த வருஷம் ஆப்பிள் கணினியில் அது 'விசிகால்க்' என்ற மென்பொருளாக வந்தது. பிறகு வந்த போட்டி மென்பொருள்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுந்தவை, எக்செல் உட்பட.

இன்று சென்னையிலோ கோவையிலோ ப்ராஜெக்ட் எழுதும் மாணவர் அந்த எக்செலைத் திறந்து, சந்தை ரிஸ்க் பிரீமியம் (ரிஸ்க் எடுப்பதற்குப் பங்கு தரும் கூடுதல் வருமானம்) என்ற கட்டத்தில் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே போடுகிறார். அது பெரும்பாலும் 1926-ல் தொடங்கும் அந்த அமெரிக்கக் கணக்கிலிருந்து வந்தது. நம் சென்செக்ஸுக்கு அடிப்படை ஆண்டே 1978-79தான். அந்தக் கட்டத்தை நிரப்பும் முன், தயவுசெய்து நம் சந்தையின் விலைகளை இறக்கி ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை எடுத்தீர்கள் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.