பெயரும் வாக்கும்

உரிமை அரசு தருவது, கடமை குடிமக்கள் செலுத்துவது என்று இரண்டையும் வேறுவேறாக எண்ணுவது நம் வழக்கம். குடியாட்சியில் இவ்விரண்டும் கூடுமிடம் ஒன்றுண்டு. அதுவே வாக்காளர் பட்டியல். இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளை உடையோரே வாக்களிக்க முடிந்தது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கி வழிகாட்டிற்று. ஆயினும் சொத்துத் தகுதி என்னும் வேலி அகலவில்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமோ, பெண்கள் பலருக்குத் தகுதியுடைய ஒருவரின் மனைவி என்ற முறையிலேயே வாக்குரிமை தந்தது.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இவ்வேலிகளை நீக்கி, 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரையும் வாக்காளராக்கியது. பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் இடம்பெற்றனர். அதற்கென வீடுதோறும் சென்ற அலுவலர்களிடம், வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற நாணினர். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாயிற்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைப் பதிய மேலும் அவகாசம் தரப்பட்டது. பீகாரில் அதனால் நற்பயன் விளைந்தது. ராஜஸ்தானில் பயன் மிகக் குறைவே. முடிவில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

இத்தனை பேர் வாக்கிழந்தது சிறிய இழப்பன்று. அம்முடிவு கடுமையானது என்போரின் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், ‘இன்னாரின் மனைவி’ என்ற பதிவு ஏற்கப்பட்டிருப்பின், 1935-இன் பழைய நிலையே புதிய குடியரசிலும் நீடித்திருக்கும். பெண்ணின் வாக்கு கணவனின் தகுதிக்கு நிழலாகவே இருந்திருக்கும். தனக்கென ஒரு பெயருடன் நிற்பவரே குடிமகள் என்பதை அம்முடிவு நிலைநாட்டிற்று.

1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் வாக்களித்தல் இடம்பெறவில்லை. 1989-இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டபோதும் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் வற்புறுத்தாத இக்கடமை நம் மனச்சான்றின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. எனவே, நம் பெயரும் நம் இல்லத்துப் பெண்களின் பெயரும் பட்டியலில் பிழையின்றி உள்ளனவா என்று தேர்தலுக்கு முன்பே பார்த்துக்கொள்வோமாக! பெற்ற உரிமைக்கு நாம் செலுத்தும் முதற் கடமை அதுவே.