பக்கத்து இருக்கைக் குரல்

1998இல் பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘காலின் மெக்ரே ராலி’ என்ற கார்ப்பந்தய வீடியோ கேமில் பக்கத்து இருக்கைக் குரல்தான் பாதி விளையாட்டு. ராலி ஓட்டுநர் மெக்ரேயின் நிஜ வழிகாட்டி நிக்கி கிரிஸ்டே பேசினார். வளைவு கண்ணில் படுமுன்பே அதன் கடுமையைச் சொல்லிவிடுவார். காதில் வாங்காதவர் மரத்தில் மோதவேண்டியதுதான்.

கோர்சிகாவின் தார்ச்சாலையில் சொன்னபடி நின்ற கார், ஸ்வீடன் பனியில் அதே பிரேக்குக்கு வழுக்கிக்கொண்டே போகும். அடிபட்டால் அடிபட்டபடியே ஓட்டவேண்டும். பழுதுபார்க்கவும் நேரம் அளவாகத்தான் கிடைத்தது.

குறை? கார் நடுவில் ஆணி அடித்த பம்பரம்போலத் திரும்பியது, எடையே தெரியவில்லை. நிஜ ராலியின் நீண்ட கட்டங்களும் இங்கே சுருங்கிப்போயின.

எடையை உணரவைத்தது 2004இல் வந்த ‘ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி’. ஈவிரக்கமில்லாத விளையாட்டு! பழகாதவர் முதல் சில வளைவுகளுக்குள் பள்ளத்தில் கிடந்தார். ஆனாலும் ரசிகர்கள் பல ஆண்டுகளாக அதற்குப் புதிய சாலைகளையும் கார்களையும் தாங்களே செய்து சேர்த்துவந்தார்கள்.