ஆற்றுக்கு ஓய்வு கொடுக்கும் ஊர்கள்: சபாவின் ‘தகால்’ முறை

சபா மாநிலத்தில் கடசான்டூசுன், மூருட் மக்கள் வாழும் பல கிராமங்களில், ஆற்றின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் எவரும் தூண்டில் போடுவதில்லை, வலையும் வீசுவதில்லை. அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று ஊரே கூடி முடிவெடுத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குத் ‘தகால்’ என்று பெயர். அவர்கள் மொழியில் ‘தடை’ என்பதே அதன் பொருள். சரவாக்கிலும் இதையொத்த முறை உண்டு. அங்கு அதைத் ‘தகாங்’ என்பார்கள்.

தடை ஏன் வந்தது?

உட்புறக் கிராமங்களில் ஆற்று மீன்தான் அன்றாடக் கறி. வீட்டுத் தேவைக்கு மட்டும் பிடித்தவரை ஆறு தாங்கியது. பிறகு மின்சாரம் பாய்ச்சியும் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிக்கும் பழக்கம் பரவியது. பெரிய மீனோடு குஞ்சும் செத்தது.

இதில் அதிகம் அடிபட்டது, நாம் கெலா என்றும் சபா மக்கள் பெலியான் என்றும் அழைக்கும் மீன் இனம். கெலா மெதுவாக வளரும். முட்டையிடும் பருவத்தை எட்டவே சில ஆண்டுகள் பிடிக்கும். தெளிந்து ஓடும் நீர், ஆழமான மடு, கரையோர மரங்களிலிருந்து விழும் பழம் ஆகியவை அதற்குத் தேவை. ஒரு மடுவில் உள்ள தாய் மீன்களை ஒரே இரவில் அள்ளிவிட்டால், அந்த ஆறு மீண்டெழப் பல காலம் ஆகும். எந்த மடுவில் தாய் மீன் தங்கும், எந்தப் பருவத்தில் அது மேலேறும் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். தகால் முறை அந்த அறிவின்மேல்தான் நிற்கிறது.

மூன்று நிறங்கள்

பல தகால்களில் ஆறு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சிவப்புப் பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது. ஆழமான மடுக்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். மஞ்சள் பகுதி, ஊர்க்குழு குறித்த நாளில் மட்டும் திறக்கப்படும். அன்று கிடைக்கும் மீனை ஊரார் பங்கிட்டுக்கொள்வார்கள். பச்சைப் பகுதியில், அனுமதித்த கருவிகளைக் கொண்டு அன்றாடக் கறிக்குப் பிடிக்கலாம். சிவப்பில் பெருகும் மீன், மற்ற இரு பகுதிகளுக்கும் பரவுகிறது.

மீறினால் ‘சோகிட்’

தடையை மீறியவர் மரபுப்படி ‘சோகிட்’ கட்ட வேண்டும். கோழி, பன்றி, எருமை அல்லது பணமாக அது அமையும். குற்றத்தால் ஊருக்கு ஏற்பட்ட ‘சூட்டை’த் தணிப்பது என்பது சோகிட்டின் கருத்து. அதனால் அது வெறும் அபராதமாகக் கருதப்படுவதில்லை. உறவினரே மீறினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களே காவலர்களாகவும் இருப்பதால், யார் இறங்கினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஊர் வழக்கத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. சபா மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம், சமூகமே மீன்வளத்தை நிர்வகிக்க இடமளித்தது. மாநில மீன்வளத் துறை ஊர்க்குழுக்களுடன் சேர்ந்து வேலை செய்கிறது. பெனாம்பாங் மாவட்டத்தின் பாபாகோன், இதில் முன்னோடியாகப் பேசப்படும் கிராமங்களுள் ஒன்று. ரானாவ் மாவட்டத்தின் லுவாந்தி கிராமத்தில் மீன்கள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆற்றில் காலை வைத்தால் சுற்றி மொய்க்கின்றன. அதைக் காண வரும் சுற்றுப்பயணிகளால் ஊருக்கு வருமானமும் கிடைக்கிறது.

ஊர்க்குழுவின் கைக்கு எட்டாதவை

தகால், ஊர் எல்லைக்குள் ஓடும் ஆற்றைத்தான் காக்கும். மேல் பகுதியில் காட்டை அழித்தால் மண் கரைந்து வந்து மடுவை நிரப்பிவிடும். அதைத் தடுக்க ஊர்க்குழுவுக்கு அதிகாரம் இல்லை. சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டப்படி, 3 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஆறுகளில் இரு கரைகளிலும் 20 மீட்டர் நிலம் ஆற்று ஒதுக்கமாகும். கரை வரை செம்பனை நட்டு, மருந்தும் உரமும் போட்டால் அவை மழையோடு ஆற்றில் கலக்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு கவலை ஆள் பற்றாக்குறை. இளையோர் வேலை தேடிக் கோத்தா கினபாலுவுக்கும் தீபகற்பத்துக்கும் போகிறார்கள். எந்த மடுவை மூட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவரும், இரவில் ஆற்றைக் காக்க நடப்பவரும் ஊரில் இல்லாமல் போனால், எஞ்சுவது அறிவிப்புப் பலகை மட்டுமே. ஆற்றைக் காப்பது என்பது அந்த மக்கள் தங்கள் மண்ணில் தொடர்ந்து வாழ வழி செய்வதையும் சேர்த்ததுதான்.

சபாவுக்குச் செல்வோர் கவனத்திற்கு: உட்புற ஆற்றில் தூண்டில் போடுமுன் ஊர்த் தலைவரிடம் கேளுங்கள். தகால் ஊர்களில் கட்டணம் இருந்தால் ஊர்க்குழுவிடமே செலுத்துங்கள். பலகை இல்லாத இடமாயிற்றே என்று இறங்கிவிட வேண்டாம். தடை இருப்பது ஊராருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாமல் இருக்கலாம்.