ஒசாகா நூலும் டன்சினன் இறக்கமும்

பந்தயச் சைக்கிளின் கார்பன் ஃபோர்க்கைக் கையில் எடுத்தால் ஒரு றாத்தல் பாணின் கனம்கூட இராது. சுமார் 400 கிராம்தான். முன்சக்கரத்தை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பதும், ஹேண்டில் திரும்பும் பக்கம் சக்கரத்தைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாயும் பாரத்தைத் தாங்குவதும் அந்தக் கவைதான். பூண்டுலோயாவிலிருந்து டன்சினன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அதே ரோட்டில் திரும்பி இறங்குகிறவர் தன் உயிரை அதனிடம் ஒப்படைக்கிறார். அது எங்கே பிறந்தது, எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பிறந்தது சைக்கிளுக்காக அல்ல. 1961இல் ஜப்பானின் ஒசாகா நகரில், அரசாங்கத் தொழிற்துறை ஆய்வு நிலையமொன்றில் பணியாற்றிய அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் வகை நூலைச் சுட்டுக் கார்பன் இழையாக மாற்றும் வழியை வெளியிட்டார். நுவரெலியாக் குளிருக்கு நாம் மலிவாக வாங்கும் ஸ்வெட்டர் நூலும் அதே குடும்பம்தான். அந்த நூலை முதலில் காற்றில் 200 முதல் 300 பாகை வரை சூடாக்குவார்கள். பிறகு ஒக்சிசன் இல்லாத உலையில் 1,000 பாகைக்கு மேல் கொண்டுபோவார்கள். மற்ற மூலகங்கள் ஆவியாகிப்போக, ஏறக்குறைய கார்பன் மட்டும் எஞ்சும். ஒரு இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரோன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. 1971இல் டோரே நிறுவனம் அதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது. விமானப் பாகங்கள், தூண்டில் தடிகள், கோல்ஃப் மட்டைகள் என்று சுற்றிய பிறகே இழை சைக்கிளுக்கு வந்தது. 1986இல் கிரெக் லெமாண்ட் கார்பன் குழாய்ச் சட்டகத்தில் டூர் டி பிரான்ஸை வென்றார். அடுத்த ஆண்டே தைவானின் ஜயண்ட் நிறுவனம் கார்பன் சைக்கிளைத் தொகையாகச் செய்து விற்றது. முழுச் சட்டகத்தையும் கார்பனில் வாங்க வசதியில்லாத சாதாரண ஓட்டுநரிடம் முதலில் வந்து சேர்ந்தது ஃபோர்க்தான். அலுமினியச் சட்டகத்துக்குக் கார்பன் ஃபோர்க் பூட்டுவது 2000களில் வழக்கமாகிவிட்டது.

தொழிற்சாலையில் அதற்கு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெரிவின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. பசை ஊறிய கார்பன் துணி, பசை முற்றாமலிருக்க உறைகுளிர் அறையில் காத்திருக்கும். அதைத் துண்டுகளாக வெட்டி அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைப்பார்கள். இன்றும் இது பெரும்பாலும் கைவேலை. நீளவாக்கில் படுக்கும் இழை வளைவைத் தாங்கும். 45 பாகைச் சரிவில் படுக்கும் இழை முறுக்கைத் தாங்கும். குறுக்கே படுப்பது குழாய் நசுங்காமல் காக்கும். பிறகு உள்ளே பையை ஊதி, அச்சைச் சூடாக்கி, இறுக வைப்பார்கள். ஆகவே வெளியே ஒரே வடிவமாகத் தெரியும் இரண்டு ஃபோர்க்குகள் உள்ளே வெவ்வேறு குணம் கொண்டவையாக இருக்கலாம். டிஸ்க் பிரேக் ஃபோர்க்கில் பிரேக் இடது காலில் மட்டும் பிடிப்பதால், அந்தக் காலை அதற்கேற்பத் தடிப்பாக்க வேண்டும். பழைய ரிம் பிரேக் ஃபோர்க்கில் டிஸ்க் பூட்ட ஆசைப்படவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலான ஃபோர்க்குகள் தைவானிலும் சீனாவிலும் அச்சிலிருந்து வெளிவந்து கப்பலேறுகின்றன. இந்தப் பாகங்களின் கடற்பாதை இலங்கையையும் தொட்டிருக்கிறது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், சீனச் சைக்கிளுக்கு விதித்த 48.5 வீத வரியை இலங்கையிலிருந்து போகும் சைக்கிள்களுக்கும் நீட்டியது. சீனப் பாகங்கள் இங்கே பூட்டப்பட்டு வேறு பெயரில் போகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்குள்ள சில நிறுவனங்கள் விலக்கும் பெற்றன. நமக்கு வருகிறவை இரண்டு வழியில் வருகின்றன. புதியவை பெட்டியில் வரும். பழையவை, ஜப்பானில் ஓடித் தேய்ந்த சைக்கிள்களோடு கொள்கலனில் வரும். கொழும்பிலிருந்து லொறி பேராதனை, கம்பளை, தவலந்தென்ன என்று ஏறி பூண்டுலோயாவுக்குத் திரும்பும்போது, நூல் பிறந்த நாட்டிலேயே கழிக்கப்பட்ட ஃபோர்க்கும் அந்தச் சுமையில் இருக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் சைக்கிள் நம் மலையில் அபூர்வம். லயத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து ஸ்டோருக்கும் நடந்தே பழகியவர்கள் நாம். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது இங்கேயும் சைக்கிளைத் தேடினார்கள். 2023இல் பீக்கோ டிரெயில் திறக்கப்பட்டது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேலான பாதை, 22 பகுதிகள். நான்காம் பகுதி தவலந்தென்னயிலிருந்து வந்து பூண்டுலோயாவில் முடிகிறது. ஐந்தாம் பகுதி இங்கிருந்து வட்டகொடைக்குப் போகிறது. நடப்பவர்களோடு சைக்கிளோட்டிகளும் வருகிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தச் சைக்கிள்களைச் சுற்றி நின்று தொட்டுப் பார்க்கிறார்கள். ‘இதில் எது நமக்கு?’ என்று நாளைக்கு அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் முதலில் எடையைச் சொல்வார். மலையேற எடை குறைவது நல்லதுதானே என்று நமக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. இரும்பு ஃபோர்க்கைக் கழற்றிக் கார்பன் பூட்டினால் அரைக் கிலோ குறையும். ஒரு மணிநேர ஏற்றத்தில் மிச்சமாவது இருபது வினாடி சொச்சம். பந்தயக்காரருக்கு அது பெரிது. நமக்கு அல்ல. நம் ரோட்டில் ஃபோர்க்கின் தகுதி தெரிவது இறக்கத்தில்: மழையில் நனைந்த வளைவிலும், தார் பெயர்ந்து கல் கிளம்பிய இடத்திலும், ரோட்டை அறுத்துக்கொண்டு போகும் கானிலும்.

முழுக்கத் தார் ரோட்டிலேயே ஓடுபவருக்குப் பந்தய ஃபோர்க் பொருந்தும். முன்சக்கரத்தின் அச்சிலிருந்து தலைப்பகுதி வரை அதன் உயரம் 370 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் நுழையும். பூண்டுலோயாவில் வாழ்ந்துகொண்டு முழுக்கத் தார் ரோட்டில் மட்டும் ஓடுபவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்ட ரோட்டுக்கு ஏற்றது கிராவல் ஃபோர்க். உயரம் 395 மில்லிமீட்டர் அளவு, டயர் 40க்கு மேல், 12 மில்லிமீட்டர் துளை அச்சு, டிஸ்க் பிரேக். உடம்புக்குக் கிடைக்கும் சொகுசில் பெரும்பங்கு கார்பனிடமிருந்து வருவதில்லை. அகல டயரும் அதில் குறைவாக அடித்த காற்றும்தான் அதைத் தருகின்றன. எனவே ‘அதிர்வை உறிஞ்சும்’ என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, எவ்வளவு டயர் நுழையும் என்று கேளுங்கள். மழை பெய்யும் மாதங்கள் நமக்கு அதிகம். மட்கார்டு பூட்ட ஓட்டை உண்டா என்றும் பாருங்கள். பொதி கட்டுவதானால், அதற்கென்று திருகுத் துளையும் சுமை அளவும் தயாரிப்பாளர் தந்திருக்க வேண்டும். கால்களில் பட்டி சுற்றிப் பொதி கட்டுவது ஆபத்து. தேயிலை மலைக்குள் படிக்கட்டும் பாறையுமான குறுக்குப் பாதையில் இறங்க ஆசையென்றால் கார்பனை மறந்துவிட்டு ஸ்பிரிங் ஃபோர்க் வாங்குங்கள். கனம் நான்கைந்து மடங்கு என்றாலும் அந்த வேலைக்குச் செய்யப்பட்டது அதுதான்.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 395 எதிர்பார்க்கும் சட்டகத்தில் 370 பூட்டினால் சைக்கிளின் முகம் 25 மில்லிமீட்டர் கீழே போகும். ஹேண்டில் குழாய் ஒரு பாகைக்கு மேல் நிமிரும். அந்தக் குழாயின் சாய்வுக் கோட்டை நிலம் வரை நீட்டினால், டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிதான் சைக்கிளை நேராக ஓட வைக்கிறது. பந்தயச் சைக்கிளில் அது 57 மில்லிமீட்டர் அளவு, கிராவல் சைக்கிளில் 68 வரை. முகம் தாழ்ந்தால் இடைவெளி குறையும். சமவெளியில் அது சுறுசுறுப்பாகத் தோன்றும்; டன்சினன் இறக்கத்தில் ஹேண்டில் துள்ளும். பெடலும் தாழ்ந்து கல்லில் அடிக்கும்.

சட்டகத்துக்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல்குழாயையும் கவனியுங்கள். 28.6 மில்லிமீட்டர் நேர்க்குழாய் வேறு, கீழே ஏறக்குறைய 40க்கு விரியும் கூம்புக்குழாய் வேறு. சட்டகம் எதைக் கேட்கிறதோ அதுதான் நுழையும். கார்பன் குழாய்க்குள் உலோக நட்சத்திர நட்டை அடித்து இறக்கக் கூடாது, விரியும் பிளக் வேண்டும். ஸ்டெம் ஆணியை எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, அளவு காட்டும் சாவியால் இறுக்க வேண்டும். கைவாகில் இறுக்கினால் குழாய் உள்ளுக்குள் நசுங்கும்.

உடைந்தால் உயிர் போகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் கார்பன் மட்டும்தான் உடையும் என்பதில்லை. 2006இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் கற்பாதையில் ஜோர்ஜ் ஹின்காபியின் மேல்குழாய் ஒடிந்து அவர் விழுந்தார். அந்தக் குழாய் அலுமினியம். அதே பந்தயத்தில் முன்பே ஒருமுறை விழுந்ததில் அது காயப்பட்டிருந்தது. விழுந்த ஃபோர்க்கை நம்பக் கூடாது, எந்தப் பொருளில் செய்ததானாலும். இரும்பு வளைந்து தன் காயத்தைக் காட்டும். கார்பன் பூச்சுக்கு அடியில் காயத்தை மறைத்து வைத்திருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். ஓசை நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடவும் கூடாது. ஆகவே கொள்கலனில் வந்த பழைய சைக்கிளின் கார்பன் ஃபோர்க், எத்தனை அழகாக இருந்தாலும், எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், நம் இறக்கத்துக்கு வேண்டாம். அது எங்கே விழுந்தது என்று சொல்ல யாரும் இல்லை. புதிய கிராவல் ஃபோர்க்குக்குக் காசு போதவில்லையென்றால் நல்ல இரும்பு ஃபோர்க் வாங்குங்கள். அரைக் கிலோ கூடுதலாகச் சுமந்து ஏறினாலும் நம்பி இறங்கலாம். எதை வாங்குவதானாலும் கொழும்புக்கோ கண்டிக்கோ போகுமுன் உங்கள் சைக்கிளில் அச்சு முதல் தலைப்பகுதி வரையிலான உயரம், மேல்குழாயின் அளவு, அச்சின் வகை, பிரேக்கின் வகை இந்த நான்கையும் அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.