15 வயதில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட துரைசாமி: யார் இவர்?

ஜோர்ஜ்டவுன், ஃபார்குவார் சாலையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீங்க. 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள்.

அதே 1818இல், இதே பினாங்கில், இன்னொரு தமிழ்க் கைதியும் இருந்தார். அவர் பெயர் துரைசாமி.

யார் இந்தத் துரைசாமி?

சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவர்களில் இளையவரான சின்ன மருதுவின் மகன்தான் துரைசாமி. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான போர் தோற்றது. அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். துரைசாமிக்கு அப்போது 15 வயதுதான் இருக்கும். அவருக்குக் கிடைத்த தண்டனை, வாழ்நாள் முழுக்க நாடு கடத்தல்.

1802 பிப்ரவரியில் துரைசாமி உட்பட 70க்கும் மேற்பட்டவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவர். பின்னர் சுமத்ராவின் பென்கூலனுக்கு மாற்றப்பட்ட அவர், அங்கேயே இறந்துபோனார்.

ஏன் பினாங்கு?

இரண்டு காரணங்கள். ஒன்று, பயம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அந்தப் பயத்தையே கம்பெனி தண்டனையாக்கியது. இன்னொன்று, ஆள் பற்றாக்குறை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது இங்கே பெரும்பகுதி காடு. சாலை போட, கட்டடம் கட்ட ஆள் வேண்டும். கைதி என்றால் கூலிச் செலவு குறைவு. முதலில் பனைமரக் கட்டைகளால் அமைந்திருந்த கார்ன்வாலிஸ் கோட்டையைக் கல்லாலும் செங்கல்லாலும் மாற்றிக் கட்டியதும் கைதிகள்தான்.

அயர்லாந்துக்கும் இதே கதைதான்

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1798இல் பிரிட்டனை எதிர்த்துப் போராடிய அயர்லாந்துக்காரர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். காலமும் கிட்டத்தட்ட ஒன்று, தண்டனையும் ஒன்று. ஆனால் இன்று ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் ஐரிஷ் மூதாதையரின் பெயரை ஆவணங்களில் தேடிப் பார்க்க முடியும். 1988இல் அயர்லாந்து அரசே அந்தப் பதிவுகளின் நகலை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது.

துரைசாமிக்கு என்ன ஆச்சு?

1818இல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி பினாங்குக்கு வந்தார். 1801 போரில் எதிர்த்தரப்பில் இருந்தவர். ஆனால் அதற்கு முன்பு, வளரி வீசக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். பினாங்கில் ஒருநாள், உடல் தளர்ந்த ஒரு கிழவர் தன் முன்னால் கண்ணீரோடு நிற்பதைப் பார்த்தார். பெயரைக் கேட்டதும் அதிர்ந்துபோனார். அது துரைசாமி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் 'கிழவருக்கு' அப்போது வயது முப்பது சொச்சம்தான்.

துரைசாமி ஒன்றே ஒன்று கேட்டார். ஊரில் மிஞ்சியிருக்கும் உறவுகளுக்குத் தன் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெல்ஷால் அதைச் செய்ய முடியவில்லை. 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்திப்பை எழுதிவைத்தார்.

இது ஏன் முக்கியம்?

ஓர் அரச குடும்பத்துப் பிள்ளையின் பினாங்கு வாழ்க்கையே, அவரைத் தோற்கடித்த தரப்பின் ஒரு புத்தகம் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. அப்படியென்றால் சாதாரணக் கைதிகளின் கதையை யார் எழுதியிருப்பார்கள்? நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதி முகாம்கள் 1873இல் மூடப்பட்டன. விடுதலையான பலர் இங்கேயே தங்கிக் குடும்பமாகிவிட்டார்கள்.

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் வணிகர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் சொல்கிறோம். அந்த வரிசையில் விலங்கோடு வந்தவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அவர்கள் போட்ட சாலைகளில்தான் நாம் இன்னும் நடக்கிறோம்.